சிவப்பு நூல் கட்டின பக்கம் மேல

வேலை ஒண்ணே ஒண்ணுதான். செடிக்குத் தண்ணி ஊத்தணும்.

தங்கச்சி பிரசவத்துக்காக ரெண்டு மாசம் தென்காசி கிளம்பின என் மனைவி கவிதா, மேனாம்பேடு ஃபிளாட் ஹால்ல நிக்கிற டிரசீனாவை என்கிட்ட ஒப்படைச்சா. பார்க்க மக்காச்சோளச் செடி மாதிரி இருக்கும். கல்யாணமான வருஷம் வாங்கினது. இப்போ அவ உயரம். அது மேல அவளுக்கு உசுரு.

"மண்ணுல விரலை விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர். வேற எதுவும் பண்ணாதீங்க."

அந்தக் கடைசி வரிதான் என் தன்மானத்தைச் சீண்டிருச்சு!

அந்த ஞாயித்துக்கிழமையே ஒரு வீடியோ பார்த்தேன். டிரசீனா தண்டை வெட்டி நட்டா ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகுமாம். கவிதா திரும்பி வர்றப்போ ஒண்ணுக்கு ஏழா நின்னா எப்படி இருக்கும்!

வெட்டிட்டேன். இலையோட இருந்த தலையைக் குடத்துத் தண்ணியில வச்சேன். ஆறு துண்டைத் தரையில அடுக்கினேன்.

அப்போ ஆபீஸ் போன். பேசிக்கிட்டே நடந்ததுல காலால எத்திட்டேன் போல. திரும்பிப் பார்த்தா ஆறும் உருண்டு கிடக்கு. எது மேல், எது கீழ்?

யோசிச்சேன். இவ்வளவு இலையைத் தாங்கணும்னா தடிச்ச பக்கம்தானே மேல இருக்கணும்? பதினாலு வருஷ சாஃப்ட்வேர் மூளை! தடிச்ச பக்கமா பார்த்து சிவப்பு நூல் கட்டினேன்.

ஒண்ணை நான் நட்டேன். அஞ்சை அபார்ட்மெண்ட்ல அஞ்சு வீட்டுக்குத் தானம். கூடவே வாட்ஸப் குரூப்ல ஆறு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். "சிவப்பு நூல் கட்டின பக்கம் மேல. மறந்துடாதீங்க!"

ஒரு மாசத்துல குடத்துல இருந்த தலை அழுகி நாறுச்சு. தண்ணி மாத்தணுமாமே!

தொட்டியில மிச்சமிருந்த அடிக்கட்டைக்கு, வெட்டுப்பட்டிருக்கே பாவம்னு தினமும் ரெண்டு டம்ளர் ஊத்தினேன். ஒரு நாள் விரலை விட்டுப் பார்த்தப்போ விரலோட கட்டையே வந்துருச்சு.

கவிதா வீடியோ கால்ல கேட்டா. "டிரசீனாவைக் காட்டுங்க."

"சிக்னல் சரியில்லம்மா."

"உங்க மூஞ்சி நல்லாத்தானே தெரியுது?"

கட் பண்ணிட்டேன். நான் நட்டு இன்னும் துளிர்க்காத துண்டைப் பிடுங்கிக்கிட்டு பூந்தமல்லி ரோட்டு நர்சரிக்கு ஓடினேன். கடைக்காரர் பார்த்ததுமே சிரிச்சிட்டாரு.

"இன்னா சார், தலைகீழா நட்டுகீற? நீ மரத்தையே பாத்ததில்லியா? அடிதான் சார் தடியா கீது!"

"இதே மாதிரி அஞ்சு வீட்டுக்குக் குடுத்திருக்கேன்..."

"வுடு சார். ஒருத்தராச்சும் மாத்தி நட்டுருப்பாங்க."

"மாட்டாங்கண்ணே. நூல் கட்டிக் குடுத்தேன்."

மறுநாள் கவிதா வர்றா. வீடு வீடா ஏறி இறங்கினேன்.

முதல் மாடியில, "தினமும் பொட்டு வச்சுக் கும்பிடறோம் சார், அசையவே மாட்டேங்குது"ன்னாங்க. ஃபேக்டரியில ரிட்டயர் ஆன எதிர் வீட்டு சார், "நூல் மேலதான் இருக்கு, செக் பண்ணிக்கோங்க"ன்னாரு. இன்னும் ரெண்டு வீட்டுலயும் அதே நேர்மை. பாவி ஜனங்க, ஒருத்தராவது என் பேச்சைக் கேக்காம இருக்கக் கூடாதா!

கடைசியா மூணாவது மாடி செல்வி அக்கா. கதவைத் திறந்ததுமே கையைப் பிசைஞ்சாங்க.

"கோச்சுக்காத தம்பி. நீ குடுத்த அன்னிக்கு மணி பிளாண்ட் தொட்டியில படுக்கப் போட்டேன். நடணும் நடணும்னு நினைச்சு மறந்தே போயிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். படுத்த மேனிக்கு ரெண்டு பச்சைக் குருத்து! சத்தியமா கண்ணு கலங்கிருச்சு. கெஞ்சி வாங்கிட்டு வந்து கவிதா தொட்டியில அப்படியே படுக்க வச்சேன்.

மறுநாள் பையைக்கூட இறக்காம தொட்டிகிட்ட போனா.

"என் உயரம் இருந்துச்சே?"

முழுக்கதையும் சொல்லிட்டேன். குனிஞ்சு குருத்தை விரலால தொட்டுப் பார்த்தா.

"செல்வி அக்கா மட்டும் அப்படி என்ன பண்ணாங்க?"

"ஒண்ணுமே பண்ணலம்மா."

"அதைத்தானே உங்களையும் பண்ணச் சொன்னேன்!"