தோன் எவெலியோவின் நீலச் சிறகு

முஸோ ஊரில் ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியார் தனியாகிவிடுவார். ஊரே, கண்ணேறு கழிக்கும் தோன் எவெலியோவின் வாசலில் நிற்கும். காரணம், ஒரு பட்டாம்பூச்சிச் சிறகு.

அந்த நீலச் சிறகை நம் உள்ளங்கையில் வைத்துத் தீர்த்தம் தெளிப்பார். நீலமாகவே இருந்தால் நாம் உத்தமர். பச்சையானால் கொள்ளிக்கண்ணர். கொள்ளிக்கண்ணுக்கு அருவதா இலைக் குளியல் உண்டு. குளியலுக்குக் கட்டணமும் உண்டு. குளித்துத் துவட்டி வருவதற்குள் சிறகு நீலமாகியிருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி பச்சை. ஊரில் உத்தமர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

என் கையிலும் பச்சையானது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

“கொள்ளிக்கண்ணனுக்கா என் பொண்ணைக் கொடுப்பேன்? கல்யாணத்தை நிறுத்துங்க!” என்றார் எர்லிண்டா அம்மாள், என் மரிலுஸின் தாய்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் பொகோட்டாவில் பொருளறிவியல் ஆராய்ச்சியாளன். அதே சிறகைப் பார்த்து, சாயமே இல்லாமல் நீலம் காட்டும் தாள் செய்வதுதான் என் பிழைப்பு. சிறகில் தண்ணீர் ஒட்டாது என்று மாநாடுகளில் முழங்கியவன். அப்படிப்பட்ட மேதை, கையில் பச்சையைக் கண்டதும் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம் என்று யோசித்தேன். உடனே ஆள் கிடைத்தான்: பக்கத்து மேசைக்காரன். அவன் தாள் என்னுடையதைவிட நீலம். குளிக்கப் போனேன்.

“குளிச்சியா வில்மர்?” என்றாள் மரிலுஸ்.

“குளிச்சேன்.”

“பச்சை போச்சா?”

“போச்சு. ஞாயித்துக்கிழமையானா திரும்பி வந்திடுது.”

“படிச்சவன்னு சொல்லித்தானே உன்னை எங்கம்மாவுக்குக் காட்டினேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவளும் என்னோடு வந்தாள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. தோன் எவெலியோ தெளித்தார். பச்சை. கூட்டம் உச்சுக் கொட்டியது. மரிலுஸ் சட்டென்று அவர் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கினாள். மூலையில், கல்யாணம் கூட்டிவைக்கும் புனித அந்தோணியார் சிலை. அவர் ஏந்திய புத்தகத்தின் மேல் இன்னொரு சிறகை வைத்துத் தெளித்தாள்.

பச்சை.

“அந்தோணியாருக்கும் கொள்ளிக்கண்ணா, தோன் எவெலியோ?”

“அது... நீ தெளிச்சதால தாயி...”

“சரி, மேசைக்கடியில இருக்கே, அந்தப் புட்டி யாருக்கு?”

“அதுதான் எனக்குத் தெளிச்சது! எனக்கு எப்பவும் நீலம்தான்!” என்று கூட்டத்திலிருந்து எர்லிண்டா அம்மாள் முந்திக்கொண்டார்.

மரிலுஸ் அதை எடுத்து, என் கையில் புதுச் சிறகை வைத்துத் தெளித்தாள். துளிகள் உருண்டு விழுந்தன. சிறகு பளிச்சென்று நீலம். கொள்ளிக்கண்ணன் நொடியில் உத்தமனானேன்!

அப்போதுதான் மேதைக்கு மூளை வேலை செய்தது. முதல் புட்டியை முகர்ந்தேன். மேலே அருவதா வாசனை, அடியில் சாராயம்.

எர்லிண்டா அம்மாளும் முகர்ந்தார். “அடப்பாவி, அந்தோணியாருக்கே ஊத்த வச்சிட்டியே!” தோன் எவெலியோ பின்வாசலைத் தேடினார். அம்மாள் என் பக்கம் திரும்பினார். “கல்யாணம் நடக்கட்டும். ஆனா மாப்பிள்ளை, இத்தனை வருஷமா அந்தச் சிறகுல என்னதான் பார்த்தீங்க?”

பார்த்தது இதுதான். சிறகின் செதில்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள். வரிகளுக்கு நடுவே காற்று. இரண்டும் சேர்ந்து, வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. தண்ணீர் அந்த இடுக்கில் நுழையாது, உருண்டு ஓடிவிடும். சாராயம் நுழையும், காற்றைத் துரத்தும். அப்போது நீலத்துக்குப் பதில் பச்சை திரும்பி வரும். உலர்ந்தால் காற்று திரும்பும், கூடவே நீலமும். இதில் பாவமும் இல்லை, பரிகாரமும் இல்லை. உங்கள் கையில் எதுவாவது பச்சையானால், என்னைப் போல மனசாட்சியைக் குடையாதீர்கள். முதலில் புட்டியை முகருங்கள்.