வாசலுக்கு நடந்த காய்ச்சல்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் வாசலில் 183 பேர் வரிசையில் நின்றார்கள்.

எண்ணியவன் நான். 184-ஆவது ஆளும் நானே.

முப்பத்தோரு வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தவன். அதில் பன்னிரண்டு வருஷம் சாமியார்களைத் தோலுரித்து வாராவாரம் பத்தி எழுதினேன். தண்ணீரில் விளக்கெரித்தவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கடிதம் படித்தவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. 'யோசியுங்கள்' என்று ஊருக்கே உபதேசம் செய்தவனின் சட்டைப்பையில் இப்போது ஒரு மஞ்சள் டோக்கன். முன்னால் நின்றவர் அடையாளம் கண்டுகொண்டதும், "செய்தி சேகரிக்க வந்தேன்" என்றேன். "நானும்தான் சார்" என்றார் அவர். அவருக்குப் புடவைக் கடை.

வீட்டில் மகன் சாய்சரணுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மகள் ஸ்ரீலக்ஷ்மி அடையாறிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். எட்டாம் மாதம். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"இது ஃப்ளூ சார். கர்ப்பிணிக்கு வந்தா ரொம்ப ஆபத்து. பையனைத் தனி ரூம்ல வைங்க. ஜன்னலைத் திறங்க. மாஸ்க், தனி டம்ளர், சோப்பு போட்டுக் கை கழுவறது, அவ்வளவுதான். பொண்ணை இப்ப வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

அந்தக் கடைசி வரிதான் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

"நாள் பார்த்து அழைச்சுண்டு வரோம்னு சம்பந்தி ஆத்துல சொல்லியாச்சு" என்றாள் என் மனைவி நீரஜா. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். "இப்போ வேண்டாம்னா என்ன நெனைச்சுப்பா? ஜன்னலைத் திறன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?"

ஆகவே மண்டபம்.

மேடையில் நிரஞ்சன்ஜி. காதில் மைக், கழுத்தில் மூன்று மாலை. கீழே இருமல் கச்சேரி. நூற்றெண்பத்து நாலு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தும்மிக்கொண்டிருந்தோம். "காய்ச்சல் ஒரு விருந்தாளி. தானா வந்தது, தானா நடந்து வாசல் வழியாப் போகணும். நாமதான் வழி காட்டணும்" என்றார். ஆளுக்கு ஒரு மஞ்சள் துணி, ஒரு புட்டித் தீர்த்தம். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, குடும்பமே ஒரே துணிக்குக் கீழே நோயாளியோடு அரைமணி நேரம் மூச்சுவிட வேண்டும். பிறகு தீர்த்தம் தெளித்தால், காய்ச்சல் இறங்கிய இடத்தில் துணி சிவக்கும்.

செய்தோம். சாய்சரண் என் காதுக்குள்ளேயே இருமினான். தீர்த்தம் தெளித்தேன். துணி ரத்தச் சிவப்பானது. நீரஜா கைகூப்பினாள். நானும்தான்.

வியாழக்கிழமை நீரஜாவுக்குக் காய்ச்சல். போன் போட்டோம்.

"சந்தோஷப்படுங்கோ! நடக்க ஆரம்பிச்சுடுத்து" என்றார் நிரஞ்சன்ஜி.

அன்று சாயங்காலம் எனக்கும். வாழ்நாளில் முதல்முறையாக, உடம்பு வலித்ததற்குப் பெருமைப்பட்டேன்.

"இன்னும் ஒரே படிதான் வேதாந்தம் சார். நாளைக்கு நானே வரேன். வாசல்ல நுழையற பொண்ணையும் துணிக்குக் கீழே உட்கார வெச்சுட்டா, காய்ச்சல் ஆத்தை விட்டே போயிடும்" என்றார் நிரஞ்சன்ஜி, போன் ஸ்பீக்கரில்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த காவேரி குழாயை மூடினாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்பவள். மூக்கை முந்தானையால் மூடியபடி எட்டிப் பார்த்தாள்.

"வயித்துப்புள்ளக்காரிய அதுக்குள்ள குந்த வெக்கப்போறியா சார்? உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"துணி சிவந்துது காவேரி. கண்ணால பார்த்தேன்."

"சாம்பார் கொட்டுன உன் சட்டையில சோப்பு வெச்சா தெனம் இப்டித்தான் செவக்குது. உன் சட்டைக்கு ஜுரமா?"

என் சட்டையை நான் துவைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணி. நிரஞ்சன்ஜி மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். துணி வாங்கியிருந்த அக்கம்பக்கத்தார் ஆறேழு பேர் வாசலில் கூடினார்கள். கார் வந்து நின்றது. ஸ்ரீலக்ஷ்மி கதவைத் திறக்கப் போனாள்.

"பாப்பா, எறங்காத! அங்கியே இரு" என்று கத்தினாள் காவேரி. கொடிக்கம்பியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவி வந்து நிரஞ்சன்ஜி முன் விரித்தாள். "சாமி, இது காத்தால நான் மஞ்சள் கரைச்சுத் தோச்சது. இதுங்கீழ ஒரு ஆளும் குந்தல. தெளி."

நிரஞ்சன்ஜி தயங்கினார். புடவைக் கடைக்காரர், "தெளிங்கோ ஜி" என்றார். அவர் எதிர்வீடு என்பது அப்போதுதான் தெரிந்தது.

தெளித்தார். சிவந்தது.

"யாருக்கு ஜுரம்? கொடிக்கம்பிக்கா?"

"துணியைத் தொட்டவளுக்கு உள்ளே காய்ச்சல் இருக்கு" என்றார் ஜி.

"அப்டியா?" காவேரி எங்கள் வீட்டுத் துணியில் சிவக்காத ஓரத்தைப் பிடித்தாள். "மூணு பேரு இருமுன துணி." குழாய்த் தண்ணீரைத் தெளித்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சோப்பு நுரையைத் தடவினாள். சிவந்தது. "உன் தீர்த்தத்துல கீறது சுண்ணாம்புத் தண்ணி நைனா. ஆரத்தி கரைக்கிற வூட்ல வந்து ஆரத்தியையே விக்கிறியே!"

ஆரத்தித் தட்டு என் கையில்தான் இருந்தது. மகளுக்குச் சுற்றுவதற்காக, அரைமணி முன்னால், நானே மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்துச் சிவக்கவைத்தது.

புடவைக் கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தன் துணியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நிரஞ்சன்ஜியின் பைக் இரண்டாவது உதையில் கிளம்பியது.

முகக்கவசத்தோடு தள்ளி நின்று மகளிடம் சொன்னேன்: "திரும்பிப் போம்மா. சம்பந்திகிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்பா, இதை நேத்திக்கே போன்ல சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

பன்னிரண்டு வருஷப் பத்திகளில் இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை.

சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தோம். படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: சோப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. யோசித்துவிட்டுக் கை கழுவுங்கள். யோசிக்க வராவிட்டால், கையையாவது கழுவுங்கள்.

எங்கள் காய்ச்சல் ஆறு நாளில் விட்டது. ஸ்ரீலக்ஷ்மிக்கு வரவில்லை. டிசம்பர் 21-ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம்.