பைண்டர் முறை

அந்த மதிய இடைவேளையில் அச்சகத்தின் பொழுதுபோக்கு அறைக்குள் இருந்தவர்கள்: சாப்பாட்டு டப்பாவோடு மேனேஜர்; நடுவர் நாற்காலியில் புரூஃப் ரீடர்; ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த மெஷின்மேன்; கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் மூன்று பேர்; காகித ஆலையிலிருந்து சரக்கு இறக்க வந்த, பிறந்ததிலிருந்து டேபிள் டென்னிஸ் மட்டையையே தொட்டிராத லாரி டிரைவர்; அவருக்கு எதிரே, நேற்றுத்தான் தன் கையால் ரப்பர் ஒட்டி முடித்த புது மட்டையோடு பைண்டர். பூட்டிய கதவுக்கு வெளியே, இடுப்பில் சாவியோடு, கூட்டுகிற அக்கா.

டிரைவர் பத்து. பைண்டர் இரண்டு.

"அண்ணே, நான் சும்மா மட்டையைக் காட்டிட்டுத்தான் நிக்கிறேன்," என்றார் டிரைவர், ஏதோ தப்பு செய்தவர் போல. "நீங்களே நெட்டுல அடிச்சுக்கிறீங்க."

"பேசாம ஆடுப்பா. மட்டை புதுசு. இன்னும் பழகல."

"பத்து பாயிண்டா பழகிட்டுதான இருக்கு," என்றார் மெஷின்மேன் ஜன்னலிலிருந்து.

பைண்டர் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். பந்து மட்டையில் பட்டு, ஈரச் சோப்பில் வழுக்குகிற மாதிரி வழுக்கி, வலையின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. பதினொன்று.

இதில் கொடுமை என்னவென்றால், தோற்றதும் வெளியே போய்விட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பந்து இந்த அறையிலிருந்து உருண்டு, அச்சுக்கூடத்துக்குள் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினில் விழுந்தது. எட்டாயிரம் காலண்டர்களில் மே மாதத்தின் மூன்றாவது வாரத்தைக் காணோம். அன்றிலிருந்து மேனேஜர் உத்தரவு: ஆட்டம் தொடங்கினால் கதவை வெளியிலிருந்து பூட்ட வேண்டும், மணி அடித்த பிறகுதான் திறக்க வேண்டும். ஜெயித்தவனும் தோற்றவனும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பைண்டர் யார் முகத்தையும் பார்க்க விரும்பாமல் சுவரைப் பார்த்தார். அது அதைவிட மோசம்.

சுவரில் ஒரு பலகை. அதில் வருடத்துக்கு ஒரு தோல் பட்டை, ஒவ்வொன்றிலும் அந்த வருடம் ஜெயித்தவர் பெயர் தங்க எழுத்தில். மொத்தம் ஒன்பது பட்டை. ஒன்பதிலும் மெஷின்மேன் பெயர். ஒன்பது முறையும் இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் பைண்டர். அந்த அச்சகத்தில் தோலில் தங்க எழுத்து அடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் பைண்டர்தான். அதனால் ஒன்பது முறையும், தோற்ற மறுநாள் காலையில் எழுத்துகளைச் சூடாக்கி, தங்கத் தாளை விரித்து, எதிராளியின் பெயரை அடித்துக் கொடுத்தவரும் அவரே. ஒரு வருடம் கொஞ்சம் கோணலாக அடித்துவிடலாமா என்று நினைத்தார். கை வரவில்லை. அந்தக் கையைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை.

பத்தாவது பட்டையில் தன் பெயரை அடிக்க வேண்டும். உலகத்தில் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குறுக்கே நின்றது மெஷின்மேனின் சர்வீஸ். மனிதர் பந்தைச் சாவி கொடுத்த பம்பரம் மாதிரி சுழற்றி அனுப்புவார். சும்மா தொட்டாலே போதும், அது பைண்டரின் மட்டையில் ஏறி ஃபேனுக்குப் போகும். ஒரு தடவை மேனேஜரின் டப்பாவுக்குள் போனது. அதற்கு மருந்தாகத்தான் இந்தப் புது ரப்பர், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு, பெரிய ஆட்டக்காரர்கள் போடுவது. டிரைவரிடம் தோற்ற அன்று சாயங்காலமே வாங்கிய கடைக்குப் போன் செய்தார்.

"சார், அது சாதா ரப்பர் இல்ல," என்றார் கடைக்காரர். "பசை மாதிரி ஒட்டும். பந்து மேல மட்டையை வெச்சுத் தூக்குங்க, பந்து கூடவே வரும்."

"தூக்கினேன். பந்து தரையிலதான் கெடக்கு."

"தூசியா இருக்கும் சார்."

"என்ன தூசி? கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். என் மூஞ்சியே தெரியுது."

"அப்ப ஆட ஆட ஒட்டும் சார்."

ஒட்டிய வேலையில் குறை இருக்க வாய்ப்பே இல்லை. இருபத்தாறு வருடம் அகராதிகளுக்கு அட்டை ஒட்டியவர். பலகையில் பசையைத் தடவி, எலும்புத் தகட்டால் நீவி, புத்தகங்களை நசுக்கும் இரும்பு அழுத்தியில் ஒரு பகல் முழுக்க வைத்து எடுத்திருந்தார். ரப்பர் ஷீட்டைத் தயாரித்தவனும் வேலை தெரிந்தவன்; முகப்பு லேமினேஷனில் ஒரு குமிழ் இல்லை. ஆக, குறை ஆடுகிறவனிடம்தான் என்று முடிவு செய்தார். இந்த நேர்மை அவருக்குக் கெடுதலாக முடிந்தது.

முதலில் மட்டையின் சாய்வை மாற்றினார். பந்து வழுக்கிக் கீழே போகிறதா, மட்டையை வானம் பார்க்க வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தள்ளினார். பந்து வலையைத் தாண்டியது. தாண்டி, பாவம் போல உயரமாக மிதந்தது. கட்டிங் ஆட்கள் மூன்று பேரும் வரிசையில் நின்று அதை அடித்துத் தீர்த்தார்கள்.

அடுத்தது முட்டி. முட்டியை மடக்கினால்தான் பலம் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வீட்டில் பீரோ கண்ணாடிக்கு முன்னால் முட்டியை மடக்கி, காற்றில் வீசிப் பழகினார். மூன்றாம் நாள் கண்ணாடியில் இருந்த ஆளும் அவரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். துடைப்பத்தோடு வந்து சில்லுகளைப் பார்த்தாள்.

"யாரு ஜெயிச்சது?"

"கால் கொஞ்சம் வழுக்கிடுச்சு."

"எந்திரிங்க."

"முடியல. முட்டி பிடிச்சுக்கிச்சு."

"படம் நான்தான் எடுக்கணும். எங்க டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேப்பாரு. பீரோகூட சண்டைன்னு எழுதிக்கவா?"

முட்டிக்கு இறுக்கமான பட்டை வந்தது. பட்டை போட்டதால் பக்கவாட்டில் நகர முடியவில்லை. மேசை முனையில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்று, வருகிற பந்தை வந்த இடத்திலிருந்தே தள்ள வேண்டியதாயிற்று.

இதற்கிடையே மட்டையின் ஒரு மூலையில் லேமினேஷன் லேசாகத் தூக்கியது. லேமினேஷன் தூக்கிய புத்தகம் ஒன்று பைண்டர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. உடனே தலையணை தடிமனுக்கு இருக்கும் சட்டப் புத்தகங்களுக்குப் போடுகிற பசையை எடுத்து, இரண்டு பக்கமும் ஓரம் முழுக்க ஊசிமுனையால் செலுத்தி, சுற்றிலும் காலிகோ துணிப் பட்டை கட்டி, மறுபடி அழுத்தியில் வைத்தார்.

"இனி இது பிரியணும்னா நான் செத்துப் பொறக்கணும்," என்று கூட்டுகிற அக்காவிடம் மட்டையைக் காட்டினார்.

"அழகா இருக்கு தம்பி," என்றாள் அவள். "கொஞ்சம் மங்கலா தெரியுது."

"அது உழைப்பு அக்கா."

மறுநாள் மெஷின்மேன் வேடிக்கைக்காக அவரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். அறை நிறைந்துவிட்டது. மெஷின்மேன் கட்டிங் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, தன் சொத்திலேயே மோசமான சர்வீஸை எடுத்துவிட்டார். பந்து மேசையில் சீறிக்கொண்டு வந்தது. பைண்டரால் நகர முடியாது. மட்டையை நீட்டிக் கண்ணை மூடினார்.

பந்து ஃபேனுக்குப் போகவில்லை. அவ்வளவு சுழலும் மட்டையில் பட்டதும் செத்துப்போய், பந்து வெறும் பந்தாக வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் சொத்தென்று விழுந்தது. மெஷின்மேன் அதை அடிக்கப் போய் வலையில் அடித்தார்.

"கைல பட்டுச்சா?" என்றார் மெஷின்மேன்.

"மட்டைல," என்றார் புரூஃப் ரீடர்.

மறுபடி சர்வீஸ். மறுபடி சொத். பைண்டருக்கும் ஆச்சரியம்தான். ஆனால் முகத்தில் காட்டவில்லை. ஒன்பது வருடம் தோற்றவனுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். மணி அடிக்கும்போது பைண்டர் ஆறு பாயிண்ட் முன்னால் இருந்தார்.

"என்ன பண்றீங்க பைண்டரே?" மெஷின்மேன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

பைண்டருக்கே தெரியாததால் எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றியது. "மணிக்கட்டு," என்றார்.

அன்றிலிருந்து அது 'பைண்டர் முறை' ஆயிற்று. காலிகோ அட்டை போட்டு, முதுகில் அந்தப் பெயரைத் தங்கத்தில் அடித்து, முதலில் ஒரு வெற்றுப் புத்தகத்தைக் கட்டி முடித்தார். உள்ளே எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொண்டார். பாடம் ஒன்று: கால் அசையக் கூடாது. பாடம் இரண்டு: பந்தின் கோபத்தை மணிக்கட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பதினான்கு பாடம் வந்துவிட்டது. கட்டிங் ஆட்கள் மூன்று பேரும் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு பாடம் கேட்க வந்தார்கள். மூவரும் முறைப்படி நின்று, முறைப்படி தோற்றார்கள்.

"எங்களுக்கு ஏண்ணே வரமாட்டேங்குது?"

"பரம்பரையா வர்ற மணிக்கட்டுப்பா," என்றார் பைண்டர். பழைய மட்டையை எடுத்து லாரி டிரைவருக்கே கொடுத்துவிட்டார். இனி அது எதற்கு?

இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை. தொடங்குவதற்கு முன் மெஷின்மேன் கையைத் தூக்கினார்.

"சார், அந்த மட்டைல ஏதோ இருக்கு. நல்லாப் பாருங்க."

அச்சகத்தில் புரூஃப் ரீடரின் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடுவார். மட்டையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். திருப்பி, கறுப்புப் பக்கத்தைப் படித்தார்.

"கம்பெனி பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு," என்றார். "வேற பிழை இல்ல. ஆடலாம்."

மூன்று செட். மூன்றும் பைண்டருக்கு. கடைசி பந்தை வலையில் அடித்துவிட்டு மெஷின்மேன் மட்டையை மேசையில் வைத்து, நேராக வந்து கையைக் கொடுத்தார். "மணிக்கட்டுதான்யா," என்றார். பைண்டர் அந்தக் கையை விடவே இல்லை. மணி அடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் எழுத்துகளைச் சூடாக்கினார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து, தங்கத் தாளை விரித்து அழுத்தினார். அந்தக் கை முதல் முறையாகத் தவறியது. கடைசி எழுத்து மயிரிழை கோணல். அவர் அதைத் திருத்தவில்லை.

பலகையைப் பார்த்த மேனேஜர் தோளில் தட்டினார். "திங்கக்கிழமை காகித ஆலை சாம்பியன் வர்றாரு. நம்ம மெஷின்மேனையே ரெண்டு தடவை அழவெச்சு அனுப்பினவரு. அவர் ஸ்பின்னுக்கு நம்மகிட்ட ஆளே இல்லைன்னு ஆலைல பேசிக்கிறாங்களாம்."

"வரச் சொல்லுங்க சார்," என்றார் பைண்டர். "மெஷின்மேனை சும்மா கூட்டத்துல உக்காரச் சொல்லுங்க. பாத்துக் கத்துக்கட்டும்."

மனைவியிடமும் சொன்னார். "திங்கக்கிழமை அரை நாள் லீவு போடு. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ வந்து பாத்ததில்ல."

"எக்ஸ்ரே கவரைக் கொண்டுட்டு வரணுமா?"

"பூமாலை கொண்டுட்டு வா."

திங்கட்கிழமை அவள் நிஜமாகவே பூவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேனேஜர், புரூஃப் ரீடர், மெஷின்மேன், கட்டிங் ஆட்கள், எல்லோரும் உள்ளே. ஆலை சாம்பியனை லாரியில் ஏற்றிவந்த டிரைவரும் இருந்தார். "உங்க பழைய மட்டைல இப்ப வீட்டுல கொசு அடிக்கிறோம்ணே," என்று பைண்டரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சாம்பியன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, பந்தை விரலில் வைத்துச் சுண்டிக்கொண்டிருந்தார். அது சுழல்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

பைண்டர் கடைசியாக வந்தார். கையில் பச்சைக் காலிகோ ஒட்டிய பெட்டி, வெள்ளிக்கிழமை மட்டையை உள்ளே வைத்து மூடி, அச்சகத்திலேயே தன் மேசையில் விட்டிருந்தது. சபைக்கு நடுவே வைத்துத்தான் திறப்பது என்று தொடாமல் வைத்திருந்தார். வாசலில் சாவியோடு நின்ற அக்காவுக்கு ஒரு ராஜா மாதிரி தலையசைத்துவிட்டு உள்ளே காலை வைத்தார்.

"தம்பி," என்றாள் அவள், கதவை இழுத்துக்கொண்டே. "ஜெயிச்ச மட்டை இப்படி மங்கலா இருக்கலாமான்னு, காலைல எடுத்துத் துடைச்சேன். ரெண்டு பக்கமும், புதுச் சாமானுக்கு மேல வர்ற பிளாஸ்டிக் தாளு உரிக்காமலே ஒட்டியிருந்துச்சு. என்ன பசை போட்டீங்களோ, பிளேடு வெச்சு உரிச்சும் ஒரு நகம் போச்சு. ஆனா அடியில இருக்கிற ரப்பர், ஒரு பந்துகூடப் படாம அப்படியே புத்தம் புதுசா இருக்கு தம்பி, கை வெச்சா பசை மாதிரி ஒட்டுது."

கதவு அவருக்குப் பின்னால் மூடியது. சாவி இரண்டு முறை திரும்பியது.