என் மனைவியின் முதலாவது வழக்கு

புத்தூர்
வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி பத்து நிமிடம்

பெருமதிப்புக்குரிய மச்சான் சிவகரன் அவர்களுக்கு, தம்பிராசா பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் கொழும்பு வெள்ளவத்தையில் சுகமாயிருக்க வேண்டுமென்று நாள்தோறும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. முப்பத்துநான்கு வருடம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், கடிதம் எழுதும் முறை தெரியாதவன் அல்ல. ஆனால் மச்சான், இதை நான் ஒரு சந்தேகநபராக இருந்து எழுதுகிறேன். விசாரணை மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது, இரண்டு மணிக்குத் திரும்பத் தொடங்கும். விசாரிப்பவர் வேறு யாருமில்லை, உங்கள் தங்கை உதயகலாதான். இப்போது குசினியில் எனக்கு முருங்கைக்காய்க் கறி வைத்துக்கொண்டிருக்கிறா. சந்தேகநபரைப் பட்டினி போட்டு விசாரிப்பது பிழையாம், புத்தகத்தில் இருக்கிறதாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் அவ சேர்ந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது வயதாகிறது, முன்பள்ளி வேலையையும் விட்டாச்சு, மகள் சாருஜாவும் தாதியாகிக் கிளிநொச்சிக்குப் போய்விட்டாள், பாவம், பொழுது போகட்டும், கேக்குக்கு ஐசிங் போடப் பழகுவது போல இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். காலை ஏழரை பஸ்ஸுக்கு நானேதான் சைக்கிளில் சந்திவரை ஏற்றிப்போய் விட்டேன். அங்கே இருபது வயதுப் பிள்ளைகள் ‘அன்ரி, அன்ரி’ என்று சுற்றி நிற்க, சட்டமும் சமூகப்பணியும் என்று ஒரு டிப்ளோமா படித்து, கடைசியில் வகுப்பிலேயே முதலாவதாய் வந்தா. ஊரெல்லாம் லட்டுக் கொடுத்தேன். இத்தோடு முடிந்தது என்று பார்த்தால், அதுதானாம் தொடக்கம்! கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதிப் பட்டப்படிப்பு இருக்கிறதாம், இந்த டிப்ளோமாவைக் காட்டினால் முதலாம் வருடத்தை விட்டு நேரே இரண்டாம் வருடத்துக்கு மாறலாமாம். மகள் கைபேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். அவர்கள் ஒவ்வொரு பாடமாய்ப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, ‘தொடர்பாடல் திறன்’ என்ற பாடத்தை மட்டும் அங்கே வந்து திரும்பப் படிக்க வேண்டும் என்று பதில் போட்டார்கள். இருபத்தெட்டு வருடமாக என்னோடு கதைத்து ஒரு தடவைகூடத் தோற்காத மனுசிக்குத் தொடர்பாடல் போதாதாம், கேட்டீர்களா கதையை! கடைசி முடிவைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம் என்றும் அதிலே எழுதியிருந்தது.

அந்த நாளில் இருந்து இந்த வீட்டில் நிம்மதியில்லை மச்சான். எனக்குச் சீனி வருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் போத்தலில் பனங்கட்டி இரண்டு குறைந்துவிட்டது. முந்தி என்றால் என்னைப் பார்த்து ஒரு முழி முழிப்பா, விசயம் முடிந்துவிடும். இப்போது அப்படியில்லை. போத்தல் மூடி எந்தப் பக்கம் திருகியிருக்கிறது, நான் எந்தக் கையால் திறப்பேன், எறும்பு எவ்வளவு தூரம் வரிசையாய்ப் போகிறது என்றெல்லாம் பார்த்து, எறும்பின் பின்னாலேயே நடந்து வந்து என்ரை சாறத்து மடிப்பில் நின்றா. நான் கோபத்தில், “உமக்கு இந்த வயசிலை உதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவ போத்தலை மூடி வைத்துவிட்டு, “மாதர் சங்கத்துப் பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய் எத்தினை நாள் வாங்கிலை குந்தியிருந்திருப்பன். அடிவாங்கின பிள்ளையைப் பாத்து, புருசனோடை சமாதானமாப் போ எண்டு சொல்லி அனுப்புவினம். நான் மேசைக்கு அந்தப் பக்கத்திலை இருக்கவேணும். அவ்வளவுதான்” என்றா. நான் போய் ஆட்டுக்குக் குழை போட்டேன்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை பத்து மணியளவில் தபால்காரன் கனிசியஸ் மோட்டார் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்றான். குருநகர்ப் பெடியன், எனக்குக் கீழே பதினொரு வருடம் வேலை செய்தவன், இன்றைக்கும் என்னைக் கண்டால் இருக்கையில் இருந்து இறங்கித்தான் கதைப்பான். “ஐயா, அக்காவுக்கு ஒரு பதிவுத் தபால் கிடக்கு. அவதான் கையெழுத்து வைக்கவேணும், ஆனா சட்டத்தை உங்களுக்கு நான் படிப்பிக்கிறதே?” என்று சிரித்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினான். அந்தச் சட்டத்தை அவனுக்குப் படிப்பித்ததே நான்தான். பெயருக்குரியவர் கையில் கொடுக்காமல் வந்தால் உத்தியோகம் போய்விடும் என்று எத்தனை பேரை வெருட்டியிருப்பேன்! அப்படிப்பட்ட நான் கையெழுத்து வைத்து வாங்கினேன். உறையின் மூலையில் பல்கலைக்கழகத்தின் பெயர். உடைக்கவில்லை மச்சான், சத்தியமாய் உடைக்கவில்லை. ஏணியை வைத்து ஏறி, குசினிக் கூரையின் வளை மரத்தில் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயக் கட்டுக்குள் செருகிவிட்டேன்.

அன்றிலிருந்து அவ படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் துடைப்பத்தோடு படலைக்கு ஓடுவா. பாண்காரனாய் இருக்கும், மீன்காரனாய் இருக்கும், முகம் செத்துத் திரும்பி வருவா. செவ்வாயும் போய்ப் புதனும் போயிற்று. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறப்பேன், “வெயில் என்ன மாதிரி எறிக்குது” என்று வரும். வியாழக்கிழமை அவ தானே கொழும்புக்கு அழைப்பு எடுத்து, தபாலின் பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போயிருக்கிறா. தபாலதிபரின் பெண்சாதிக்குப் பதிவுத் தபால் எந்தப் புத்தகத்தில் கிடக்கும் என்று தெரியாதா? அங்கே என்ரை கையெழுத்து, அழகாய், திகதியோடு. வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொல்லவில்லை. இரவு இடியப்பம் வைத்தா, சொதி வைத்தா. அந்தச் சொதியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை விறாந்தையில் இரண்டு கதிரை எதிரெதிரே போட்டிருந்தது. நடுவில் மேசை, ஒரு கொப்பி, ஒரு பேனை, எனக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ. “இருங்கோ” என்றா. இருந்தேன்.

“திங்கக்கிழமை பத்து மணிக்கு எங்கை நிண்டனீங்கள்?”

“படலையடியிலை.”

“ஆர் வந்தது?”

“ஒருத்தரும் வரேல்லை.”

“கனிசியஸ் ஒருத்தரும் இல்லையோ?”

நான் பிளேன்ரீயைப் பார்த்தேன். அவ எழுதினா. பிறகு, “இருபத்தெட்டு வருசத்திலை வெங்காயம் எடுக்க ஒருக்காத்தன்னும் ஏணி வைச்சனீங்களோ? திங்கக்கிழமை ஏணி ஏன் இடம் மாறி நிண்டது? தலையிலை வெங்காயச் சருகோடை ஏன் திரிஞ்சனீங்கள்?” என்றா. ஐயோ, மூன்று கேள்விதான். “வளையிலை கிடக்கு, போய் எடும்” என்று சொல்லிவிட்டேன். எடுத்தா. உடைத்து வாசித்தா. இடம் கிடைத்துவிட்டது, மச்சான். வருகிற புதனுக்குள் சம்மதத்தையும் கொழும்பில் தங்கும் விலாசத்தையும் எழுதி அனுப்ப வேண்டுமாம். அதைப் பத்திரமாய் மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, “என்ன செய்தியள் எண்டு தெரிஞ்சிட்டுது. ஏன் செய்தியள் எண்டு சாப்பிட்டாப் பிறகு கேக்கிறன்” என்று குசினிக்குப் போனா. அந்த ஏன் என்ற ஒரு சொல்தான் இப்போது என்னை வீடு முழுக்க நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகையால் மச்சான், உங்களிடம் ஒரேயொரு உதவி. தங்குமிடம் என்று அவ உங்கள் வீட்டு மேல்மாடி அறையைத்தான் எழுதப் போகிறா. அந்த அறை மழைக்கு ஒழுகுகிறது என்று சொல்லிவிடுங்கள். ஒழுகாவிட்டாலும் சொல்லுங்கள். மச்சாளுக்கு மூட்டு வருத்தம் என்று வேண்டுமானாலும் சொல்லலாம். தொலைபேசியில் கேட்டால் அவவின் காதில் விழுந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் மாட்டேன் என்றால் அவ போகமாட்டா, அண்ணையின் சொல்லைத் தட்ட மாட்டா. அன்றைக்கு உங்கள் அப்பா படுக்கையில் விழுந்தபோது நீங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக, அவதானே படிப்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவ? அப்போதும் நீங்கள் ‘நில்’ என்று ஒரு சொல்தான் சொன்னீர்கள். குறையாக எழுதவில்லை. ஒரு சொல் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே மிளகாய் இந்த முறை பரவாயில்லை. மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் குடும்பத்தில் குறை ஒன்றும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

இங்ஙனம்
உங்கள் மச்சான்,
க. தம்பிராசா

பி.கு.: நேரம் மூன்று மணி ஐந்து நிமிடம். கடைசித் தபால் மூன்றரைக்கு, வேறு கடிதம் எழுத நேரமில்லை, ஆகையால் மேலே எழுதினதை எல்லாம் வெட்டினதாய் நினைத்து வாசியுங்கள். விசாரணை முடிந்துவிட்டது. ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டா. சமையலுக்கு ஆளில்லை என்றேன். “பொய். நீங்கள் என்னைவிட நல்லாச் சமைப்பியள்” என்று எழுதினா. சனம் என்ன கதைக்கும் என்றேன். “சனம் எப்பவும் கதைக்கும்தானே” என்று அதையும் எழுதினா. அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை மச்சான், உள்ளதைச் சொன்னேன். “எனக்குத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு, உதயா. பின்னேரத்திலை ஆரோடை கதைக்கிறது?” அவ பேனையை வைத்துவிட்டா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “போகவேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. இப்பவே வரேல்லை எண்டு எழுதிறன்” என்றா. ஒரு கிழமையாய் நான் காத்திருந்தது இதற்குத்தான். வாயைத் திறந்தேன். “நீர் போம். போய்ப் படியும்” என்று வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவ அழுதா, நானும் அழுதேன். பிறகு ரயிலுக்கு எந்த நாள் வசதி என்று கதைத்தோம். ஆகவே மேல்மாடி அறையைக் கூட்டித் துடைத்து, யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வையுங்கள், கிட்ட வைத்து வாசிக்க அவவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். கடைசியாய், “தனியச் சமாளிச்சிடுவியளோ?” என்று கேட்டா. “ஓம்” என்றேன். அது பொய் என்று அவவுக்கும் தெரியும். அதை மட்டும் அவ கொப்பியில் எழுதவில்லை.