ஜன்னலோரத்து மேசை

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் அந்த மனுஷர் காதில் விழுந்துவிடும்.

அச்சகத்தில் வேலை பார்க்கிறவர் அவர். வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினார். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. ரவுட்டர் இருப்பது சமையலறைச் சுவரில், கம்ப்யூட்டர் மேசை கூடத்து ஜன்னலோரம். அந்த ஜன்னல் வெளிச்சத்தின் மேல் அவர் பெண்சாதிக்கு மூன்று வருஷமாகக் கண். அவள் தையல்காரி.

"மேசையை ரவுட்டர் பக்கம் தள்ளி ஒயரைச் சொருகிடுங்க. இங்க என் மிஷின் வரட்டும். கறுப்புத் துணியில கறுப்பு நூல், இருட்டுல கண்ணே அவிஞ்சு போகுது."

"ஒயரா? அஞ்சு மணிக்குள்ள ஒயரில்லாம வரவைக்கிறேன். வரலைன்னா ஜன்னல் உனக்கு!"

"பேச்சு மாறக்கூடாது."

"மாறினா என் மீசையை எடுத்துடு!"

சோறு தண்ணி மறந்து தட்டினார். மூன்று மணிக்குத்தான் சிக்கல் எங்கே என்று பிடிபட்டது.

"என்னவாம்?"

"வைஃபையை ஓட்ட டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும்."

"இறக்கிக்கோங்க."

"இறக்க நெட் வேணுமே."

"நெட்டுக்கு?"

"வைஃபை வேணும்."

"சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டு வாசல்ல நிக்கிறீங்க! பொட்டியை ஒரு நிமிஷம் ரவுட்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனா என்ன?"

"இடத்தை விட்டு நகர்ந்தா நான் தோத்த மாதிரி!"

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் போனோடு வந்தாள்.

"சார்ஜ் இல்ல. உங்க பொட்டியில சொருகிக்கவா?"

"சொருகு. பேசாத."

சொருகினாள். போனில் எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். அவரும் இங்கே நூறாவது கட்டளையைத் தட்டினார். நெட் வந்துவிட்டது!

மனுஷர் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். ஜெயித்துவிட்டேன் என்று முதல் செய்தி மச்சானுக்கு, அதான் அவள் தம்பிக்கு, பறந்தது.

"ஒயரே இல்லாமலா?"

"ஒரு நூல்கூட இல்ல!"

மணி ஐந்து அடித்தது. "சார்ஜ் ஏறிடுச்சு" என்று அவள் போனை உருவினாள். நெட்டும் கூடவே போனது.

பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். உருவிய ஒயரைப் பார்த்தார். இத்தனை நேரம் அந்த ஒயர் வழியா வந்தது போனோட நெட்! மீசையைத் தடவிக்கொண்டு மேசையின் ஒரு முனையைத் தூக்கினார்.

மிஷின் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தது.

"போன்ல நெட் எடுத்தே அந்த டிரைவரை இறக்கியிருக்கலாமே! இந்த வழி உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலேயே. உங்க மச்சான்தான் சொல்லிக் கொடுத்தான்" என்றபடி, கறுப்பு நூலை ஊசியில் ஒரே தடவையில் கோத்தாள்.