சாமி அலுமாரியில் வைத்த பியர்

பொறாமை வந்தால் சிலருக்கு நித்திரை வராதாம். நான் நன்றாக நித்திரை கொள்வேன். எனக்குச் சாப்பாடுதான் இறங்காது.

அந்த வருஷம் நான் மெலிந்துகொண்டே போனேன். காரணம் ரூபன். என் மனைவி மலரின் தங்கச்சியைக் கட்டியவன். ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவன். தோர்ண்டன் ஹீத்தில் வீடு வாங்கி, கராஜில் பியர் காய்ச்சத் தொடங்கினான். ஸ்டீல் தாங்கி, குழாய், சூடு பார்க்கிற கருவி என்று அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

ஒருநாள் மலர் அந்தப் பியரில் ஒரு மிடறு குடித்தாள். (கலியாணம் கட்டினதிலிருந்து அவள் சோடாகூட முழுசாய்க் குடித்து நான் காணவில்லை.)

"ரூபனுக்கு நல்ல கைராசி" என்றாள்.

நான் டிப்போவில் பஸ் கழுவுகிறவன். வீட்டில் பைப் ஒழுகினாலும் கதவு கழன்றாலும் நான்தான் திருத்துவேன். ஒருநாளும் அந்தச் சொல் எனக்குக் கிடைத்ததில்லை. மகளின் பதினெட்டாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என் பியரை ரூபன் கையில் கொடுக்கவேண்டும். மலர் அதே சொல்லை என்னைப் பார்த்துச் சொல்லவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மோர்டனில் எங்களுடையது சின்ன பிளாட். கராஜ் இல்லை. பொங்கல் பானை இருந்தது. பியர் காய்ச்சுகிற மோல்ட் பாணி ஒரு டின் வாங்கினேன். பாணுக்குப் போடுகிற ஈஸ்ட் குசினியில் கிடந்தது. போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டினான். பாதி விளங்கவில்லை. விளங்கினதைச் செய்தேன். மா அவிக்கிற துணியால் வடித்து வாளியில் ஊற்றினேன்.

சூடான இடம் வேண்டும் என்று அவன் சொன்னது விளங்கியது. எங்கள் பிளாட்டில் அப்படி ஒரு இடம்தான். வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் இருக்கும் அலுமாரி. எங்கள் சாமியறையும் அதுதான். மேல்தட்டில் முருகன் படம். கீழ்த்தட்டில், நல்லெண்ணெய் டின்களுக்குப் பின்னால், என் வாளி.

"சாமியடியில ஒரு மணம் வருதப்பா" என்றாள் மலர்.

"வாழைப்பழமாக்கும்."

அவள் கற்பூரத்தைக் கூட்டினாள்.

அடுத்த நாள் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்தது. பானை பொங்கினால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? எல்லாம் சரி என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். எந்தப் பக்கம் பொங்கினது என்றுகூடப் பார்த்தேன். கிழக்கு. (நுரை அடங்குமட்டும் பொறுக்கவேண்டுமாம். அது விளங்காத பாதியில் இருந்திருக்கிறது.) உடனே போத்தல்களில் அடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சீனி போடச் சொன்னான் வெள்ளைக்காரன், போட்டேன். இறுக்கி மூடி, அதே தட்டில் ஒளித்து வைத்தேன்.

பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டமுதல் விளக்கேற்றித் தேவாரம் பாடவேண்டும் என்றாள் மலர். அலுமாரியைத் திறந்துவிட்டு, எல்லாரும் ஒடுக்கமான நடைவழியில் கைகூப்பி நின்றோம். ஆட்கள் குளிரக்கூடாது என்று ஹீட்டிங்கை நானே கூட்டிவிட்டிருந்தேன்.

இரண்டாவது தேவாரத்தில் முதல் போத்தல் வெடித்தது.

மகளும் சிநேகிதிகளும் நின்றபடியே நின்றார்கள். ஊரிலிருந்து வந்த நாங்கள் அத்தனை பேரும் நிலத்தில் குப்புறப் படுத்திருந்தோம். காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. (சண்டைக்காலத்தில் ஷெல்லடிக்குப் படுத்த பழக்கம். விசா கிடைத்தாலும் போகாது.) அடுத்ததும் வெடித்தது. பிறகு மிச்சமும். முருகனின் வேலிலிருந்து நுரை சொட்டியது.

பக்கத்தில் கிடந்த ரூபன் கார்ப்பெட்டை முகர்ந்து பார்த்தான்.

"அண்ணை, இது பியர்."

"ஓம்."

"சீனி எவ்வளவு போட்டனியள்?"

"தேத்தண்ணிக்குப் போடுற அளவு."

"ஆரின்ர தேத்தண்ணிக்கு?"

"என்ர."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் சீனி குடிக்கிற அளவு குடும்பத்துக்கே தெரியும்.

மலரின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். சிரிப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, சாமிக்குப் பியர் அபிஷேகம் செய்த கை உங்கட கைதான்" என்றாள்.

நான் கேட்ட சொல் அது இல்லை. கிட்ட வந்தது.

முருகன் படத்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மலர் மாற்றவிடவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டித்தான் கதையைத் தொடங்குவாள்.

போன மாதம் ரூபன் வீட்டில் விருந்து. புதுப் பியர் கொண்டுவந்து வைத்தான். "வெடிக்குமோ?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். மலர் என் கதையைத் தொடங்கிவிட்டாள். படுத்துக் காட்டியும் விட்டாள். பியர் கிளாசில் அப்படியே இருந்தது.

"இவ்வளவு காலம் காய்ச்சிறன் அண்ணை, ஒருத்தரும் என்ர பியரைப் பற்றிக் கதைக்கினமில்லை" என்றான் ரூபன்.

அன்றைக்கு அவன் கொத்துரொட்டியைத் தொடவில்லை. நான் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன்.