பொன்னாடை போர்த்திய கம்ப்யூட்டர்

ஒரு காட்டில், கோடைக்குக் கோடை தீப்பிடித்தாலும் கமிட்டி மட்டும் கலையாத ஒரு காட்டில், சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பது அதன் தொழில். உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன கோடையில் வந்த தீ, சடையப்பன் குடியிருந்த புல்மேட்டைத்தான் முதலில் பிடித்தது. மனைவி கருப்பாயி குட்டியை முதுகில் சுமந்து ஓடித் தப்பித்தது. அதனால், புகையைக் கண்டதும் சங்கு ஊதும் கம்ப்யூட்டர் ஒன்று பூட்டச் சொல்லிக் கமிட்டி சாமான் வாங்கிக் கொடுத்தபோது, கரடி சோறு தண்ணி மறந்து உட்கார்ந்துவிட்டது.

காற்று காய்ந்து கிடக்கிற நாளில் முடியில் எது உரசினாலும் மின்சாரம் ஏறும். நமக்கு அது சுருக்கென்று ஒரு கடி. கம்ப்யூட்டர் போர்டுக்கோ அதுவே இடி. ஆகவே சடையப்பன் தன் ஆசை முடியை முழங்கை வரை மழித்துக்கொண்டது. மணிக்கட்டில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையை ஈர மண்ணில் அடித்த இரும்பு முளையில் மாட்டியது. உடம்பில் ஏறுகிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடுமே!

வழியில் போன குரங்கு விடுமா? "என்ன மச்சான், தங்கச்சி உன்னைக் கட்டிப் போட்டுட்டுப் போயிருச்சா?"

"போடா வேலையைப் பாத்துக்கிட்டு," என்றது கரடி. கோபத்திலும் போர்டை மட்டும் நழுவ விடவில்லை.

ஒரு பாகம்தான் பாக்கி. கடைசி மெமரி. அதைத் தலைவர் சிங்கம்தான் தன் கையால் செருக வேண்டும் என்றது செயலாளர் நரி. திறப்பு விழா என்றால் சும்மாவா? பந்தல் போட்டார்கள். நைலான் பொன்னாடைகள் பளபளவென்று வந்து இறங்கின. போர்த்து, போட்டோ எடு, உருவு, அடுத்த ஆளைக் கூப்பிடு. ஒவ்வொரு பொன்னாடைக்கும் சிங்கத்தின் பிடரி படபடவென்று பொரிந்து, சிலிர்த்துக்கொண்டு நின்றது.

சடையப்பன் கம்பியோடு முன்னால் ஓடியது. "ஐயா, செருகுறதுக்கு முன்னாடி இந்தக் கம்பியைக் கொஞ்சம் கையில கட்டிக்கிறீங்களா?"

"என்னது? சிங்கத்தைச் சங்கிலியில கட்டணுமா?" என்று பாய்ந்தது நரி.

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. சிங்கம் மெமரியை எடுத்து உள்ளே அழுத்தியது. 'சடக்' என்று ஒரு சத்தம். அப்புறம் சுவிட்சைப் போட்டால் திரையும் இல்லை, சங்கும் இல்லை. போர்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

விசாரணை வைத்தார்கள். வைக்காமல் இருப்பார்களா? நரி தீர்ப்பை வாசித்தது: "கம்ப்யூட்டருக்கு வேண்டிய மின்சாரத்தையெல்லாம் கரடி கம்பி கட்டி மண்ணுக்குள்ள விட்டுருச்சு. தலைவர் பெருந்தன்மையா மன்னிச்சுட்டார். சாமான் மறுபடி வரும். இந்தத் தடவை கம்பி கிடையாது. பொன்னாடை ரெண்டு மடங்கு."

"ஆகட்டும் ஐயா," என்றது சடையப்பன்.

வீட்டுக்கு வந்ததும் கருப்பாயி பிடித்துக்கொண்டது. "ஏங்க, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? காத்து இப்பவே அனலா அடிக்குது. பிள்ளையை வச்சுக்கிட்டு நான் மறுபடி ஓடணுமா?"

சாமான் வந்து இறங்கியதும் கரடி அதை வீட்டுக்குச் சுமந்து வந்தது. குகைக்குள் போய்க் கம்பியைக் கட்டிக்கொண்டு, புதுச் சாமான்களையெல்லாம் அங்கேயே ஒன்றாகப் பூட்டி முடித்தது. சங்கைப் பாறை மேல் மாட்டியது. பிறகு பழைய பெட்டிக்குள் அந்தச் செத்த போர்டையே வைத்து, பேட்டரியில் எரிகிற ஒரு பச்சை விளக்கைச் சொருகி, பந்தலுக்குச் சுமந்து போனது. செத்ததை இனி யார் வந்து சாகடிக்க?

சிங்கம் மெமரியைச் செருகியது. சடக், சடக்! பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டலில் பந்தலே ஆடியது. சிங்கம் மனம் குளிர்ந்து பெட்டிக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியது.

அடுத்த வாரமே புல்மேட்டில் புகை கிளம்பியது. பாறை மேலிருந்த சங்கு அலறியது. காடே ஆற்றுக்கு ஓடியது. கருப்பாயியும் குட்டியும்தான் முதலில் ஆற்றில் இறங்கினார்கள். தண்ணீரில் நின்றுகொண்டு, நனைந்த குட்டியைக் கட்டிப் பிடித்துச் சடையப்பன் வெட்கமில்லாமல் அழுதது.

தீ அணைந்ததும் பாராட்டு விழா. "பார்த்தீங்களா, நம்ம பெட்டி கம்பியில்லாமலே ஊதுச்சு! எல்லாம் பொன்னாடை ராசி!" என்று சிங்கம் கர்ஜித்தது. கரடிக்கும் ஒன்று போர்த்திவிட்டார்கள்.

வீட்டு வாசலில் கருப்பாயி பொருமியது. "உள்ளதை அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நாளைக்கே இங்க பொன்னாடையோட வந்து நிப்பாங்கடி," என்றது சடையப்பன். தன் பொன்னாடையை உருவி வெளியே முள்மரத்தில் மாட்டிவிட்டு, வாசலில் அடித்திருந்த இரும்பு முளையை ஒரு தடவை தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

நீதி: எதைச் செய்தாலும் இரண்டாகச் செய், ஒன்று வேலை பார்க்க, ஒன்று பொன்னாடை வாங்க.